புது ஊர்த் தண்ணி ஒத்துக்கலை

சென்னையிலிருந்து காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வீடு மாறியபோது கட்டில், பீரோ, புத்தகம் எல்லாம் ஒரு லாரியில் போய்விட்டன. நத்தைகளுக்குத் தனியாக ஒரு குட்டி யானை பிடித்தேன். இதைச் சொன்னால் சிரிக்காதவர்கள் இல்லை. அப்பத்தா சிரிக்கவில்லை. "நத்தையவா வண்டி கட்டிக் கொண்டாந்தே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, டிரைவருக்குக் காபி போட அடுப்படிக்குள் போய்விட்டார்.

வண்டியில் வந்தது நத்தை மட்டுமில்லைதான். மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி, அதன் பாறைகள், இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் மென்பவளம் எல்லாம் வந்தன. ஆனால் என் கவலை முழுக்க நத்தைகள் மேல்தான். மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் காட்டிவிடும். மேல்மூச்சு வாங்கும், நிறம் வெளுக்கும், மூலையில் போய் ஒதுங்கும். நத்தை எதையும் காட்டாது. ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். உள்ளே இருப்பது உயிரா பிணமா என்பது நம் மூக்குக்கு எட்டும் வரை தெரியாது.

என்னிடம் இருந்தவை: பாறையையும் கண்ணாடியையும் மேய்கிற டிரோக்கஸ் ஆறு, டர்போ இரண்டு, அஸ்ட்ரியா ஒன்று, மணலுக்குள் புதைந்து வாழும் நஸ்ஸாரியஸ் ஏழு. செரித் நத்தைகளை நான் எண்ணியதே இல்லை. இரவில் டார்ச் அடித்தால் பத்துப் பதினைந்து தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தவர்கள், கடல் கொண்டதால் உள்நாட்டுக்கு வந்தார்கள், அந்தப் பயத்தில்தான் இங்கே வீட்டையெல்லாம் இவ்வளவு மேடை கட்டி எழுப்பினார்கள் என்று. கடலுக்குப் பயந்து வந்தவர்கள் கட்டிய வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் நான் 130 லிட்டர் கடலை இறக்கினேன்.

நத்தைகளைப் பொட்டலம் கட்டிய விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். டிரோக்கஸ், டர்போ மாதிரியான நத்தைகளுக்கு, குறிப்பாகக் கடற்கரைப் பாறையில் அலையேற்ற இறக்கத்துக்கு நடுவே வாழ்கிற இனங்களுக்கு, ஈரம் இருந்தால் போதும், சில மணி நேரம் தண்ணீரே இல்லாமல் தாங்கும். அதனால் அவற்றைத் தொட்டித் தண்ணீரில் நனைத்த டிஷ்யூ காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, தெர்மாக்கோல் பெட்டியில் அடுக்கினேன். இதில் ஒரு லாபமும் உண்டு. பையில் தண்ணீரோடு போட்டால் அதன் கழிவெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே சேரும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதுவரை சாதுவாக இருந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். காகிதத்தில் வந்ததற்கு அந்தத் தொல்லை இல்லை. மணலில் வாழும் நஸ்ஸாரியஸையும் செரித்தையும் மட்டும் கொஞ்சம் தண்ணீரும் நிறையக் காற்றும் அடைத்த பைகளில் போட்டேன்.

பாறைகளை மூடி போட்ட டிரம்களில் பழைய தண்ணீரிலேயே முக்கி, பேட்டரி ஏர் பம்ப் போட்டேன். கழிவைச் செரிக்கும் பாக்டீரியா குடியிருப்பது பாறையிலும் மணலிலும்தான், தண்ணீரில் இருப்பது சொற்பம். பாறை காய்ந்தால் அதிலிருக்கும் உயிரெல்லாம் செத்து அம்மோனியாவாகிவிடும். அடிமணலைக் கிளறியபோது கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு வந்தது. அதை மொத்தமாகக் கொட்டிவிட்டு மேல்மணலில் ஒரு டப்பா மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவும் சரியாகச் செய்தவன் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். புது வீட்டுக்குப் போகிற தொட்டி பளபளவென்று இருக்கட்டும் என்று கண்ணாடியில் படிந்திருந்த பாசியை ஒரு புள்ளி விடாமல் சுரண்டிக் கழுவினேன். நத்தைக்கு அதுதான் சோறு. ஊர் மாறி வருகிற விருந்தாளிக்கு முன்கூட்டியே பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்த கதை.

வெயிலுக்குப் பயந்து இரவு பத்து மணிக்குக் கிளம்பினோம். ஆனி மாதம். திருமயம் கோட்டை தெரிந்தபோது விடிந்திருந்தது. ஏழு மணிக்கெல்லாம் பள்ளத்தூர்.

பழைய வீட்டுத் தரை சமமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். வளவு, அதாவது நடுமுற்றத்துப் பக்கம் மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று லேசாகச் சாய்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஸ்டாண்டின் இரண்டு காலுக்குக் கீழே ரப்பர் அட்டை கொடுத்த பிறகே தண்ணீர் ஊற்றினேன். அப்பத்தாவின் கவலை வேறு. "உப்புத் தண்ணி சிந்துனா கல்லுல இருக்க பூ போயிருமே அப்பு." ஆத்தங்குடிக் கல். கண்ணாடிமேல் சாயம் ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு ஒவ்வொன்றாகக் கையால் வார்த்தது. அவர் கவலையில் நியாயம் இருந்தது. சுற்றிலும் பழைய போர்வைகளை விரித்தேன்.

முந்தின வாரமே வந்து ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கரைத்து வைத்திருந்தேன். பழைய தண்ணீர் பாதி, புதுசு பாதி. எல்லாம் கலந்த பிறகு, உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஒப்படர்த்தி 1.023. உப்பு ஏற ஏற இந்த எண்ணும் ஏறும். சென்னையில் இருந்தது 1.026. கரைக்கும்போது கருவியை அளவுகோல் கரைசல் விட்டுச் சரிபார்க்காமல் நம்பியதன் பலன்.

மீனுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. மீன் தன் உடம்புக்குள் இருக்கும் உப்பின் அளவைத் தானே கட்டிக்காக்கும். நத்தைக்கு அந்த வசதி கிடையாது. வெளியே தண்ணீரில் எவ்வளவு உப்போ, அதன் உடம்புக்குள்ளும் அவ்வளவுதான். வெளியே சட்டென்று உப்புக் குறைந்தால் தண்ணீர் திசுவுக்குள் புகுந்து வீங்கும். நம் ஊரில் "தண்ணி ஒத்துக்கலை" என்று சொல்கிறோமே, நத்தை விஷயத்தில் அது அப்பட்டமான உண்மை.

அதனால் அவசரப்படவில்லை. நத்தைகளைப் பழைய தண்ணீர் இருந்த வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து ஏர் டியூபை இறக்கி, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி வைத்தேன். இரண்டு மணி நேரம். வாளியில் தண்ணீர் மூன்று மடங்கான பிறகுதான் கையில் எடுத்துத் தொட்டிக்குள் வைத்தேன். தூக்கிப் போடவில்லை, வைத்தேன். வாய் கீழே, பாதம் பாறைமேல் படும்படி. டிரோக்கஸ் கவிழ்ந்தாலும் பெரும்பாலும் தானே புரண்டுகொள்ளும். அஸ்ட்ரியாவால் அது முடியாது. மணலில் மல்லாந்து விழுந்தால் யாராவது திருப்பிவிடும் வரை அப்படியே கிடந்து சாகும்.

அப்புறம் உப்பை ஏற்றுகிற வேலை. ஒரே நாளில் ஏற்றினால் அதுவும் கேடு. இந்த ஊர்க் காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். மதியம் தொட்டி 29 டிகிரி தொடுகிறது என்று மேலே ஒரு சின்ன மின்விசிறி வேறு வைத்திருந்தேன். அது இரண்டு டிகிரி இறக்கிக் கொடுத்தது, கூடவே நாளுக்கு மூன்று லிட்டரைக் குடித்தது. வழக்கமாக அந்த இழப்பை நல்ல தண்ணீரால்தான் நிரப்புவோம், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. முதல் ஐந்து நாள் மட்டும் நல்ல தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். தினம் ஒரு நூறு கிராம் உப்பு ஏறும். ஐந்தாறு நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும் என்று கணக்கு.

கணக்கெல்லாம் சரி. நத்தை அசையவில்லை.

முதல் நாள் இரவு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை மூன்று டிரோக்கஸ் பாறையிலிருந்து உருண்டு மணலில் கிடந்தன. டர்போ இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி. நஸ்ஸாரியஸ் மட்டும் மணலுக்குள் புகுந்து மறைந்துவிட்டன, அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். அம்மோனியா 0.25 காட்டியது. பாறையில் ஏதோ செத்திருக்கிறது என்று கால்வாசித் தண்ணீரை மாற்றினேன்.

அன்று முழுக்க நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மணிக்கு ஒருமுறை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, மூடியைத் தொட்டு, முகர்ந்து, திரும்ப வைத்தேன். தொட்டால் மூடி இன்னும் உள்ளே இழுத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது நிஜம்தான். இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது. சதை வெளியே தொங்கி, தொட்டாலும் அசையாமல், குப்பென்று நாறினால் முடிந்தது. ஆனால் அதை ஒரு நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சந்தேகம் என்றால் ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் தனியாகப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரை முகர்ந்தால் தெரிந்துவிடும். நானோ ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரன் மாதிரி நின்றேன். அவனாவது வெளியே நிற்பான், நான் உள்ளே கையை விட்டேன்.

அப்பத்தா திருகையடியில் பல்லாங்குழிக் கட்டையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஆடிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார். "ஏப்பா, கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா உள்ள இருக்கவன் எப்படி வெளிய வருவான்? திருடன்னுல்ல நினைப்பான்."

அவர் சொன்னதற்குப் பின்னால் இருந்த உடற்கூறு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுத்தால் பாதம் கிழியும். ஒவ்வொரு முறை வெளிக்காற்றுக்கு வரும்போதும் அது இன்னும் கெட்டியாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டிருக்கும் வரை செவுளுக்குப் புதுத் தண்ணீர் போகாது. தெரிந்தும் செய்தேன். அன்று மாலை விளக்கை அணைத்து, தொட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு அப்பத்தா கூப்பிட்டார். அவருக்கு அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடும். "ஏய் அப்பு, எந்திரிச்சு வா. ஒன் நத்தையெல்லாம் சுவரேறுது."

இருட்டில் டார்ச்சை அடித்தால் கண்ணாடியில் நான்கு டிரோக்கஸ். ஒரு டர்போ தண்ணீர் மட்டத்துக்கு அருகே. செரித்துகள் மணலில் கோடு இழுத்துக்கொண்டு போகின்றன. வாயால் வெறும் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது டர்போ. அங்கே சுரண்ட ஒன்றுமில்லை. நான்தான் கழுவிவிட்டேனே. அன்றைக்கே நோரி, அதாவது காய்ந்த கடற்பாசித் தாள், கொஞ்சம் கிழித்து ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கல்லில் கட்டி இறக்கினேன். இரண்டு நாளில் ரப்பர் பேண்ட் மட்டும் மிஞ்சியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆறாம் நாள் ஒப்படர்த்தி 1.026 வந்தது. இனி நல்ல தண்ணீர்தான். ஆர்.ஓ. தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வைக்கும்படி அப்பத்தாவிடம் சொல்லிவிட்டு, மூன்று லிட்டர் ஊற்றினேன். மறுநாளும் மூன்று லிட்டர். அன்று சாயங்காலம் கண்ணாடியிலிருந்து டிரோக்கஸ் ஒன்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று. இரவுக்குள் ஐந்து கீழே கிடந்தன. டர்போ ஒன்று பாதத்தை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், ஒட்டவும் முடியாமல் துவண்டு கிடந்தது. மீன்களுக்கு ஒன்றுமே இல்லை, துள்ளிக்கொண்டு சாப்பிடுகின்றன.

உப்பு சரி. சூடு சரி. அம்மோனியா பூஜ்யம். மீன் நன்றாக இருந்து முதுகெலும்பில்லாதது மட்டும் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செம்பு. இது கடல்தொட்டிக்காரர்களுக்கு அரிச்சுவடி. மீனுக்கு ஒட்டுண்ணி வந்தால் தனித்தொட்டியில் வைத்துச் செப்பு மருந்து கொடுப்பார்கள். செப்பு சல்பேட் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் செம்பு. மீன் பிழைக்கும் அந்த அளவில் நத்தை செத்துவிடும். வேடிக்கை என்னவென்றால் இந்த நத்தைகளின் ரத்தமே செம்பால் ஆனது. நமக்கு ஹீமோகுளோபினில் இரும்பு, அவற்றுக்கு ஹீமோசயனினில் செம்பு. ஆக்ஸிஜன் சேர்ந்தால் அந்த ரத்தம் நீலமாகும். புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கிற வரை அதுதான் உயிர். அவிழ்த்துவிட்டுத் தண்ணீரில் திரிய விட்டால் அதுதான் எமன்.

ஆனால் என் தொட்டிக்குச் செம்பு எங்கிருந்து வரும்? குழாயெல்லாம் பிளாஸ்டிக். அடுப்படிக்குப் போனேன். என் கேன் காலியாகக் கவிழ்த்துக் கிடந்தது. பக்கத்தில், புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று, தட்டு போட்டு மூடிய செப்புக்குடம்.

"பிளாஸ்டிக்குல கெடந்த தண்ணியவா அதுகளுக்கு ஊத்துவே? ஏற்கெனவே மேலுக்குச் சரியில்லாம கெடக்குதுக. ராத்திரி செம்புல ஊற வச்சு, காலையில கேன்ல ஊத்தி வைக்கிறேன். அது ஒடம்புக்கு நல்லதுப்பா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நத்தை தேறட்டும் என்றுதான் செய்திருக்கிறார். எங்கள் வீட்டில் செம்பும் பித்தளையும் இல்லாத இடம் எது? வளவில் விழுகிற மழைத்தண்ணீரைப் பிடிப்பதே அந்த அண்டாக்களில்தான். சிறுவயதில் வயிற்றுவலி என்று அழுதால் எனக்கும் அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் கொடுப்பார். அது தப்பும் இல்லை. மனிதர் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அப்பத்தாவுக்கு நல்லது, நத்தைக்கு விஷம்.

எங்கள் தெருவில் ஒருவர் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் ஊர்வாயில் சிக்ரி. உலோகம் எப்படி அரிக்கும் என்பதைப் பார்ப்பதே அவர் வேலையாக இருந்தது. குடத்தோடு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆச்சி புளி போட்டுத் தேச்சிருக்காகளா? அதான். செம்பு மேல ஒரு படலம் படிஞ்சு கறுத்தா அதுவே அதுக்குக் காவல். நீங்க அதைத் தேச்சு எடுத்துட்டீங்க. அப்புறம் ஆர்.ஓ. தண்ணி வெறும் வயித்துத் தண்ணி, தொட்டதைக் கரைக்கும். நம்ம சம்பை ஊத்துத் தண்ணின்னா இவ்வளவு கரைச்சிருக்காது."

செப்புச் சோதனைக் கிட் வரவழைக்க இரண்டு நாள் ஆனது. குடத்துத் தண்ணீரை விட்டதும் நிறம் மாறியது. தொட்டித் தண்ணீரில் நிறம் வரவில்லை. அதில் எனக்கு ஆறுதல் இல்லை. ஆறு லிட்டர் 130 லிட்டரில் கலந்தால் கிட் காட்டுகிற அளவுக்குக் கீழே போய்விடும், நத்தைக்கு உறைக்கிற அளவுக்குக் கீழே போகுமா என்பது வேறு கேள்வி.

கிட் வரும்வரை காத்திருக்காமல் செய்தவை இவ்வளவுதான். அன்றிரவே கால்வாசித் தண்ணீர், மறுநாள் இன்னொரு கால்வாசி, இந்த முறை உப்பையும் சூட்டையும் சரியாகப் பொருத்தி. ஃபில்டரில் புதுக் கரிப்பை. சென்னைக் கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் நண்பர் பஸ்ஸில் கொடுத்துவிட்ட, செம்பை உறிஞ்சுகிற பிசின் மணிகள் ஒரு பை. விழுந்து கிடந்தவற்றை நிமிர்த்தி, தண்ணீர் ஓட்டம் லேசாக இருக்கிற பாறை மறைவில் வைத்தேன். அப்புறம் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். இந்தத் தடவை கையை விடவில்லை. விடத் தோன்றியபோதெல்லாம் ஊரணிக் கரை வரை நடந்துவிட்டு வந்தேன். அந்த வாரம் நிறைய நடந்தேன்.

துவண்ட டர்போ மூன்றாம் நாள் நாறியது. உடனே எடுத்துவிட்டேன். சின்னத் தொட்டியில் ஒரு பெரிய நத்தை அழுகினால் மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோகும். டிரோக்கஸில் ஒன்று போனது. செரித் எத்தனை போயின என்று தெரியாது, எண்ணாதவனுக்கு நட்டக்கணக்கும் கிடையாது. மீதி ஐந்து டிரோக்கஸும் பத்து நாளுக்குள் கண்ணாடியில் ஏறின. அதற்குள் கண்ணாடியில் பழுப்பாகப் பாசியும் ஏறியிருந்தது. நான் துடைக்கவில்லை. அஸ்ட்ரியா இரண்டு முறை மல்லாந்து விழுந்தது. இரண்டு முறையும் பார்த்துத் திருப்பிவிட்டது அப்பத்தா, என் அனுமதியோடு, ஒரு மரக்கரண்டியால்.

கடைசியாகத் தெரிந்தது நஸ்ஸாரியஸ். மூன்று வாரம் அவற்றைப் பார்க்கவே இல்லை. ஒருநாள் மீனுக்கு உறைந்த இறாலைப் போட்டபோது மணல் அங்கங்கே லேசாக அசைந்து, முதலில் தும்பிக்கை மாதிரி ஒரு குழல், அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஏழும். அப்பத்தா ஸ்டூலில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார்.

இப்போது ஆர்.ஓ. கேனின் மேல் சாக்பீஸால் "நத்தை" என்று எழுதி வைத்திருக்கிறார். குடம் பழைய இடத்தில் இருக்கிறது, எங்கள் இருவருக்கும் குடிக்க. செத்த டர்போவை நான் தோட்டத்தில் புதைக்கப் போனபோது அதன் மூடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கல் மாதிரி கெட்டியாக, வெளுத்து, ஒரு பக்கம் சுழி போட்ட சின்ன வட்டம். அது அவர் பல்லாங்குழிப் பெட்டியில் சோழிகளோடு கிடக்கிறது. ஆட்டத்தில் ஒரு சோழி குறைந்தால் அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.